திரையில் ஆஃப், கையில் ஷாக்

கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம். சர்வர் ராக்கின் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி) மேல்தட்டு ஃபேன் ட்ரேயில் ஒரு ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மாற்ற வந்த பையன் கெட்டிக்காரன். லேப்டாப்பைத் திறந்து, பிடியுவின் வெப் பக்கத்துக்குப் போய், 14ஆம் அவுட்லெட்டை ஆஃப் செய்தான். ஃபேன் நின்றது. ஃபேனின் கம்பி சேரும் டெர்மினலில் விரல் வைத்தான். அடுத்த நொடி பின்சுவரில் போய் முட்டி நின்றான். நல்லவேளை, அத்தோடு போயிற்று. "சார், ஆஃப்னுதான் காட்டுது, பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். அவன் சொன்னது உண்மை. ஆஃப் என்றுதான் இருந்தது.

பிடியு என்பது ராக்கில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை. பார்க்க நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி இருக்கும். நெட்வொர்க் வசதி உள்ள வகையில் உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும், ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் ஒரு ரிலேயும் (கட்டளை வந்தால் தானே இயங்கும் ஸ்விட்ச்) இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சர்வரை அணைத்துப் போடலாம், எத்தனை ஆம்ப் ஓடுகிறது என்று பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரீஷியன் இதை "ஐடி ஆளுங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறார். ஐடி ஆள் "அது கரண்ட் வேலை" என்று விட்டுவிடுகிறார். இரண்டு வேலையும் பார்க்கிற என்னைப் போன்றவர்களைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கும்.

கிண்டியில் நடந்தது இதுதான். பல மாடல்களில் ரிலே ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், அதாவது ஃபேஸ் வர வேண்டிய கம்பியை. கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அப்படியே தொடர்ந்து போகும். ராக்கின் பின்னால், பிடியுவைச் சொருகும் சாக்கெட்டில் யாரோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி முறுக்கியிருந்தார்கள். எனவே ரிலே துண்டித்தது நியூட்ரலை. ஃபேன் நின்றது, ஆனால் 230 வோல்ட் டெர்மினலிலேயே காத்திருந்தது. சாதாரண நாட்களில் இந்தத் தலைகீழ் யாருக்கும் தெரியாது. சர்வருக்கு எந்தப் பக்கம் ஃபேஸ் வந்தாலும் ஒன்றுதான், ஓடும்.

அதனால் பிடியுவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுத்துவிடுவேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட்டுக்குள். மூன்றாவது அளவில் 230 வந்தால் கம்பி தலைகீழ். இடையில் ஏதாவது நூறு சொச்சம் காட்டினால் எர்த்தையோ யுபிஎஸ் நியூட்ரலையோ சந்தேகப்பட வேண்டும். டெஸ்டர் எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவது போதாது. ஈபி சப்ளையில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை, யுபிஎஸ் பைபாஸில் (யுபிஎஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வரும் சப்ளை) ஒருமுறை அளப்பது என் வழக்கம். உடன் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் சென்னையில் கரண்ட் வேலை பேச முடியாது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் உப்புக்காற்றில் எர்த் பட்டை அரித்துப்போயிருக்கும். சித்திரை வெயிலில் எர்த் பிட் (எர்த் புதைத்த குழி) காய்ந்து கிடக்கும். கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது என்று வாட்ச்மேனுக்கே நினைவிருக்காது. இதில் ராக் பெட்டிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒவ்வொரு சர்வர் பவர் சப்ளையும் தன் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்குக் கசியவிடும். அது பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. ஒன்றுக்கு ஒரு மில்லிஆம்ப் என்று வைத்தாலும், இருபது சேர்ந்தால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) காரணமே இல்லாமல் விழுவதுபோல் விழலாம். அது 15 மில்லிஆம்புக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அப்போது சிலர் செய்யும் வைத்தியம் எர்த் பின்னை உடைத்துவிடுவது. ஆர்சிசிபி விழுவது நின்றுவிடும். கசிவு மட்டும் ராக்கின் உடம்பில் ஏறி நிற்கும். தொட்டால் சுருசுருவென்று இழுக்கும். ஒரு பெட்டியில் உண்மையாகவே பழுது வந்தால் சுருசுருப்போடு நிற்காது. லோடை இரண்டு மூன்று சர்க்யூட்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து ஆர்சிசிபியின் அளவைப் பொருத்தமாக மாற்ற வேண்டும். எர்த் இணைப்பில் கைவைக்கவே கூடாது. பிடியுவின் உடலில் தனியாக ஒரு எர்த் ஸ்க்ரூ இருந்தால் அதையும் ராக்கோடு கட்டிவிடுங்கள்.

பிளக் பொருந்தவில்லை என்று வெட்டுகிறவர்களும் உண்டு. 32 ஆம்ப் பிடியுவுக்கு நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் பிளக் வரும். சுவரில் இருப்பது 16 ஆம்ப் பவர் பாயிண்ட். வெட்டி த்ரீ பின் டாப் மாட்டினால் வேலை செய்யும், லோடு ஏறும் வரை. அப்புறம் பாயிண்ட் கருகும். பவர் கார்டு ஒயரும் அப்படித்தான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல பவர் கார்டும் கிடைக்கும், 10 ஆம்ப் என்று அச்சடித்த நூல் கம்பியும் கிடைக்கும்.

சர்வர்களில் இரண்டு பவர் சப்ளை இருப்பதால் ராக்குக்கு ஏ, பி என்று இரண்டு பிடியு போடுவோம். ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பெருமையாகக் காட்டினார்: இரண்டும் 12 ஆம்ப், 16க்குள் இருக்கிறது, பச்சை விளக்கு. ஏ நின்றால் பியில் 24 ஆம்ப் ஏறும், 16 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) சிறிது நேரத்தில் விழும், பிறகு ராக் முழுவதும் இருட்டு. இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நான் மொத்தம் 12, 13 ஆம்புக்கு மேல் விடுவதில்லை. எச்சரிக்கை அளவைத் தலா 6 ஆம்பில் வைக்கிறேன்.

சரி, இனி நெட்வொர்க். இங்கே நானே பட்ட அவமானம் ஒன்று. போரூர் வீட்டில் இருந்தபடி சிறுசேரியில் தொங்கிப்போன ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) மீட்டெடுக்க அதன் அவுட்லெட்டை ஆஃப் செய்தேன். பிடியுவின் நெட்வொர்க் கேபிள் அதே ஸ்விட்சில்தான் சொருகியிருந்தது. ஆன் செய்ய வழியில்லை. மழையில், ராத்திரி, அவ்வளவு தூரமும் ஓட்டிப் போய் ஒரு பட்டனை அமுக்கினேன். இப்போது ஆஃப் என்பதைத் தொடுவதில்லை. ரீபூட் என்ற கட்டளை தானே அணைத்துத் தானே போடும். பிடியுவின் கேபிளையும் வேறு ராக்கின் ஸ்விட்சுக்கு இழுத்துவிடுகிறேன்.

பல மாடல்களில் பெட்டியோடு வரும் பாஸ்வேர்டு கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், உலகத்துக்கே தெரியும். அதை மாற்றும் வரை நெட்வொர்க்கில் சேர்க்காமல், லேப்டாப்பை நேரடியாக மாட்டி வேலையை முடியுங்கள். பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டையும் சாதா எச்டிடிபியையும் மூடிவிட்டு, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ் மட்டும் விடுங்கள். எஸ்என்எம்பி (கருவிகளை நெட்வொர்க் வழியாகக் கண்காணிக்கும் முறை) பழைய பதிப்பில் இருந்தால் பெரும்பாலும் பப்ளிக், பிரைவேட் என்ற சொற்களே சாவி. மூன்றாம் பதிப்புக்கு மாற்றுங்கள், தேவையில்லை என்றால் அணைத்தேவிடுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட் திறந்து இன்டர்நெட்டுக்குக் காட்டுவது, மெயின் ஸ்விட்சைத் தெருவில் வைப்பதற்குச் சமம். விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் தனிப் பாதுகாப்பு வழி) வழியாகப் போகலாம். பிடியுவின் உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை லோடு ஏற்றும் முன் புதுப்பியுங்கள்.

கடிகாரத்தை மறக்காதீர்கள். ஓரிடத்தில் ஓர் அவுட்லெட் இரவு 9:30க்கு அணைந்ததாகப் பதிவு இருக்க, அந்த ஷிஃப்ட் வாட்ச்மேனைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். பிடியு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி கூட்டினால் அதிகாலை 3. வாட்ச்மேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கரண்ட் போய்த் திரும்பும்போது எல்லா அவுட்லெட்டும் ஒரே நொடியில் விழித்தால் எம்சிபி மறுபடி விழலாம். ஒவ்வொன்றுக்கும் சில நொடி இடைவெளி வைக்கலாம்: முதலில் ஸ்விட்ச், அடுத்து ஸ்டோரேஜ், கடைசியில் சர்வர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல நாள்கணக்கில் கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து, ஆளே இல்லாத நேரத்தில் சப்ளை வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

கிண்டி சாக்கெட்டைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. அதற்கு வரும் சப்ளை லைனை அணைக்க அனுமதி வாங்க மூன்று வாரம். அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமையே மீதி ஆறு ராக்குகளையும் அளந்தோம். மீட்டரைப் பிடித்தது அந்தப் பையன்தான். இரண்டில் இதே தலைகீழ்.