சத்தம் கேட்ட பிறகு வந்தால் கிராங்கும் போயிருக்கும்

போன மார்கழியில் ஏற்காட்டிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் கார் ரெக்கவரி வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. காபி எஸ்டேட் வைத்திருக்கிற தம்பி அவர். விடியற்காலை பனியில் ஸ்டார்ட் செய்த கையோடு இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் அலற அலற இறங்கியிருக்கிறார். 14ஆவது கொண்டை ஊசி வளைவில் அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம். "அண்ணா, டேப்பட் சத்தம்தானே?" என்று கேட்டார், ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற முகத்தோடு.

வால்வைத் தள்ளுகிற டேப்பட் இன்ஜினின் மேலே டிக் டிக் என்று அடிக்கும். இது கீழே. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற சுற்று) பக்கத்தில் வைத்தால் சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டது. இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரை இறக்கிப் பார்த்தால், மூன்றாவது ராடு பேரிங்கின் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் ஏறிக் கிடக்கிறது, பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க்கில் நகம் சிக்குகிற அளவுக்குக் கோடு. பேரிங் செட், போல்ட், கேஸ்கெட் என்று முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க், ராடு, ஆயில் பம்ப் என்று வளர்ந்து, துகள் போய் அடைத்திருக்கும் என்பதால் ஆயில் கூலரையும் மாற்றுகிற வரைக்கும் போனது.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கம்பிதான் ராடு. அது கிராங்க்கைப் பிடிக்கிற இடத்தில் இருக்கிற ராடு பேரிங் உருளை வைத்த பேரிங் இல்லை, இரண்டு அரைவட்டத் தகடு, அவ்வளவுதான். பின்பக்கம் இரும்பு, அதன் மேல் செம்புக் கலவை, அதற்கும் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு மிருதுவான பூச்சு. கிராங்க் அந்தத் தகட்டைத் தொடவே கூடாது, நடுவில் இருக்கிற ஆயில் படலத்தில்தான் மிதக்க வேண்டும். அந்த இடைவெளி தலைமுடி கனத்துக்கும் குறைவு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அதற்குள் நுழையச் சிரமப்படும், அந்த நேரத்தில் ஆர்பிஎம் ஏற்றினால் பூச்சு தேயும். மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இதில் இன்னொரு வம்பும் உண்டு. இறக்கத்தில் லோடு இல்லாததால் ஆயில் சீக்கிரம் சூடாகாது, ஆனால் கியரில் பிடித்து இறங்குவதால் ஆர்பிஎம் மட்டும் மேலேயே இருக்கும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும்.

இந்த விஷயத்தில் பிஎம்டபிள்யூவின் வேக மாடல்களான எம் கார்கள் உலகப் பிரசித்தம். ஈ46 எம்3-இல் 2001 முதல் 2003 வரை தயாரானவற்றுக்கு நிறுவனமே கூப்பிட்டு ராடு பேரிங் மாற்றிக் கொடுத்தது. அப்புறம் வந்த ஈ60 எம்5-இன் வி10, ஈ92 எம்3-இன் வி8 இரண்டுமே 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றுபவை, ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்கிற கெட்டி ஆயில். ஜர்னல், அதாவது கிராங்க்கில் பேரிங் உட்காருகிற இடம், அதன் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி என்பது பழைய கணக்கு, இவற்றில் அதைவிட இறுக்கமாக வைத்துவிட்டார்கள் என்பது இன்ஜின் கட்டுகிற பலருடைய கருத்து. அந்தக் கார்களின் ஆர்பிஎம் மீட்டரிலேயே ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைகிற விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அது அழகுக்கு இல்லை.

நான் தொழில் பழகியது லாரி இன்ஜினில். சங்ககிரி லாரிக்காரர்கள் சிலர் வண்டி நன்றாக ஓடும்போதே சேம்பரை இறக்கி, அடியிலிருந்தே பேரிங்கை மாற்றிவிட்டுப் போவார்கள், சத்தம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காரிலும் பெரும்பாலும் அப்படித்தான். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற சப்ஃபிரேம் என்கிற சட்டத்தை இறக்க வேண்டியிருக்கும், இன்ஜினை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லா வண்டியையும் பிரித்துப் போடச் சொல்லவில்லை. சாதாரண ஸ்விஃப்ட், சிட்டிக்கெல்லாம் நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும், யாராவது பேரிங் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வயசான, உயர் ஆர்பிஎம் வண்டியைப் பழைய விவரம் எதுவும் தெரியாமல் வாங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து, அந்தக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுக்குகிற துகள் தெரிந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் தேய்கிறது என்று பொருள், அடுத்த ஞாயிறு மலை ஏறும் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். அடிவாரத்தில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை ஒரு தடவை இழுத்துப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். ஆயில் குறைவாக இருந்து வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

வேலை கொடுக்கும்போது ராடு போல்ட் புதுசா என்று கேளுங்கள். இழுத்து முறுக்குகிற வகை போல்ட் ஒரு தடவைக்குத்தான். நானே ஒரு முறை சிக்கனம் பார்த்துப் பழையதைப் போட்டேன், முறுக்கும்போது ஒன்று பிடிக்காமல் மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டே வந்தது. நல்லவேளை, ஸ்டாண்டில் இருக்கும்போதே தெரிந்தது. கழற்றிய பேரிங்குகளை எந்த சிலிண்டர், மேல் பாதியா கீழ் பாதியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியுடைய மற்ற ஐந்து ஜோடியும் என் மேஜை டிராயரில்தான் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சாம்பல் போய்ச் செம்பு தெரிகிறது. கோரிமேடு பக்கம் வந்தால் எட்டிப் பாருங்கள், காட்டுகிறேன்.