மூணு ஊசியோட நிறுத்திடாதீங்க: சினைப்பை கேன்சர் பத்தி ஒரு டாக்டரோட ஆதங்கம்

"வயித்துத் தண்ணி வடிஞ்சிடுச்சு, நல்லா சாப்பிடுறாங்க, சிஏ 125 ரத்த டெஸ்டும் நார்மல் ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு மேடம் ஆபரேஷன்?" ஓபியில இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு, அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க, அம்பதத் தாண்டின வயசு. ஓவரி, அதான் சினைப்பை கேன்சர், ஸ்டேஜ் 3சி, அதாவது வயித்துக்குள்ள பரவின நிலை. முதல்ல வந்தப்போ வயிறு நிறைமாசம் மாதிரி இருந்துச்சு, மூணு சைக்கிள் கீமோ, அதான் கேன்சர் ஊசி, குடுத்தோம், அருமையா கேட்டுச்சு. ஸ்கேன்ல கட்டி நல்லா சுருங்கியிருந்துச்சு, ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தோம், அட்மிஷன் அன்னிக்கு ஆளக் காணோம். போன் பண்ணா மகன் எடுத்து, அம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம், குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்றோம்னாரு. அதுக்கப்புறம் போன எடுக்கவே இல்ல. மாசக்கணக்குல கழிச்சு இப்ப வந்திருக்காங்க, குடல் அடைச்சு, ரெண்டு நாளா பச்சை பச்சையா வாந்தி. அன்னிக்கு வந்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம், இன்னிக்குக் குடல் மேலயும் குடலப் புடிச்சிருக்கிற சவ்வு மேலயும் படர்ந்து கெடக்கு. இந்த மாதிரி எத்தன பேருன்னு எண்றதையே விட்டுட்டேன்.

இதுல இன்னொரு விஷயம், அந்த அம்மாவுக்குக் கேன்சர்னே வீட்டுல சொல்லல, "வயித்துல நீர்க்கட்டி, ஊசி போட்டா கரைஞ்சிடும்"னு சொல்லி வச்சிருக்காங்க. அவங்க பார்வையில கட்டி கரைஞ்சிடுச்சு, உடம்பும் தேறிடுச்சு, எவனாச்சும் சும்மா வயித்தக் கிழிச்சுக்குவாங்களா? அவங்களக் குத்தம் சொல்லவே முடியாது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க"ன்னு கண்ணு கலங்கி நிக்கிற பிள்ளைங்களோட பயம் எனக்கு நல்லாவே புரியுது. ஆனா அஞ்சாறு மாசம் நடக்கப்போற வைத்தியம், அவங்க உடம்பு, அவங்களுக்கே தெரியாம எப்படிங்க நடத்துறது? பக்குவமா சொன்னா பெரும்பாலானவங்க தாங்கிக்குவாங்க, நம்ம அம்மாங்க நாம நெனைக்கிறதவிட ரொம்ப தைரியசாலிங்க.

சரி, அந்த சிஏ 125. இதக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா இந்த ஒரு நம்பர்தான் நெறைய பேரோட உசிருக்கே வினையா முடியுது. அது ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம், 35க்குக் கீழ இருந்தா நார்மல்னு லேப்ல அச்சடிச்சுக் குடுப்பாங்க. 2000 இருந்தது 28 ஆச்சுன்னா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், எனக்கும் சந்தோஷம்தான், ஆனா கேன்சர் போயிடுச்சுன்னு அர்த்தமே கிடையாது. சின்னச் சின்னப் புள்ளியா மிச்சமிருக்கிற கட்டி அந்த நம்பரத் தூக்காது, ஸ்கேன்லயும் பல நேரம் தெரியாது. சிஏ 125 நார்மலா இருக்கிற பேஷண்டுக்கு வயித்தத் தொறந்து பாக்குறேன், கல்லீரலத் தள்ளிட்டு உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) அடியில கையவிட்டா ஜவ்வரிசி ஒட்டின மாதிரி சொரசொரன்னு கைக்குத் தட்டுப்படும். ஓமெண்டம்னு குடல் மேல போர்த்தின மாதிரி ஒரு கொழுப்புத் திரை இருக்கும், மெத்துனு இருக்க வேண்டியது கெட்டி தட்டிப் போயிருக்கும். அதையெல்லாம் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினா பெரும்பாலும் உயிருள்ள கேன்சர் செல் இருக்குன்னுதான் ரிப்போர்ட் வரும். நம்பர் 35க்குக் கீழ வந்த சந்தோஷத்துல நீங்க வீட்டுக்குப் போறீங்க, இந்த செல்லெல்லாம் உள்ளயே இருக்கு, அதுலயும் மூணு ஊசியத் தாங்கி மிஞ்சினது, அடுத்த தடவை அதே மருந்துக்கு மசியுமான்னு சொல்ல முடியாது.

அதனாலதான் மூணு கீமோ, ஆபரேஷன், திரும்ப மூணு கீமோன்னு ஒரே செட்டா பிளான் போடுறோம். மருந்து பேக்லிடாக்சல், கார்போபிளாட்டின், வழக்கமா 21 நாளைக்கு ஒரு தடவை. முதல்லயே முழுசா எடுக்க முடியும்னு தெரிஞ்சா நேரா ஆபரேஷன், பின்னாடி கீமோ. எந்த வழின்னாலும் குறி ஒண்ணுதான், கண்ணுக்குத் தெரியிற கட்டி எதையும் உள்ள மிச்சம் வைக்காம வெளிய வரணும். இந்த நோயில ஒருத்தர் எவ்வளவு காலம் நல்லா இருப்பாங்கங்கறதுல எங்க கையில இருக்கிற பெரிய விஷயம் அதுதான். மூணாவது ஊசிக்கப்புறம் மூணு நாலு வாரத்துல ஆபரேஷன் நடக்கணும், அது முடிஞ்சு காயம் ஆறினதும் நாலஞ்சு வாரத்துல மீதி ஊசி ஆரம்பிக்கணும். தேதியத் தள்ளத் தள்ள நஷ்டம் உங்களுக்குத்தான்.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே"ன்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டுல யாருக்கோ ஆபரேஷன் பண்ணி ஆறு மாசத்துல போயிட்டாங்க, உண்மைதான், நானும் அந்த மாதிரி பேஷண்டப் பாத்திருக்கேன். அவங்கள்ல பல பேருக்கு என்ன நடந்திருக்குன்னா, கேன்சர் சர்ஜரி பழக்கமில்லாத இடத்துல சாதாரணக் கட்டின்னு நெனச்சு வயித்தத் தொறந்து, பாத்துட்டு பயந்து மூடியிருப்பாங்க, இல்லன்னா கர்ப்பப்பையையும் ஒரு ஓவரியையும் மட்டும் எடுத்துட்டு மிச்சத்த அப்படியே விட்டிருப்பாங்க. ஏற்கனவே வயிறு பூரா பரவியிருந்த நோய் அதுபாட்டுக்கு வளந்துச்சு. பழி மட்டும் கத்தி மேல விழுந்துடுச்சு. முழுசா எடுக்காததுதான் பிரச்சனைங்க, எடுத்தது பிரச்சனை இல்ல.

இந்த இடத்துல சக டாக்டர்ஸ்கிட்டயும் ரெண்டு வார்த்தை கெஞ்சிக் கேட்டுக்கிறேன். சந்தேகமான ஓவரி கட்டிய ஊசி போட்டு உறியாதீங்க, லேப்ராஸ்கோப்பியில ஓட்ட போட்டு உள்ளயே உடைக்காதீங்க, ஒரு ஓவரிக்குள்ளயே முழுசா இருந்த ஸ்டேஜ் 1ஏ கட்டி உடைஞ்ச நிமிஷமே அதவிட மோசமான 1சி ஆயிடுது, கீமோவே தேவைப்படாம போயிருக்கக்கூடிய பொண்ணுக்கும் கீமோ வேண்டி வரலாம். வயித்துல தண்ணி, சிஏ 125 கூடன்னு பாத்த உடனே டிபி மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஓட்டாதீங்க, டிபியிலயும் அந்த நம்பர் ஏறும், அதனால சதை எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஏற்கனவே வேற எங்கயாச்சும் ஆபரேஷன் ஆன பேஷண்ட்னா ஆபரேஷன் நோட்ஸ், பயாப்சி ஸ்லைடு, பிளாக் (மெழுகுல பதிச்ச சதைத் துண்டு) எல்லாத்தையும் குடுத்து அனுப்புங்க. "கட்டி அகற்றப்பட்டது"ன்னு ஒரே வரி டிஸ்சார்ஜ் சம்மரிய வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?

பொழைப்பாங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க, மறைக்காம சொல்றேன். ஓவரிக்குள்ளயே இருக்கும்போது கண்டுபிடிச்சா அமெரிக்கக் கணக்குப்படி நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டுறாங்க, தூரமா பரவினப்புறம்னா முப்பது பேர் சுமார்தான். நம்மகிட்ட வர்றவங்க பெரும்பாலும் ஸ்டேஜ் 3, 4. இந்தியாவுல பெண்களுக்கு வர்ற கேன்சர்ல மார்பகம், கர்ப்பப்பை வாய்க்கு அடுத்து இதுதான், வருஷத்துக்குச் சுமார் 47 ஆயிரம் பேர். முத்தின ஸ்டேஜ்ல வந்தவங்கள்ல பாதிக்கும் மேல உள்ளவங்களுக்கு முழு வைத்தியம் பண்ணினாலும் திரும்ப வருது, இதையும் முன்னாடியே சொல்லிடுவேன். ஆனா முடிச்சு ஆறு மாசத்துக்கு மேல கழிச்சு வந்தா கார்போபிளாட்டின் மாதிரி பழைய பிளாட்டினம் மருந்துக்கே பெரும்பாலும் திரும்பவும் கேக்கும், சில பேருக்கு ரெண்டாவது ஆபரேஷன்கூட பண்ணலாம், சுகருக்கும் பிரஷருக்கும் பாக்குற மாதிரி இதையும் வருஷக்கணக்கா வைத்தியம் பண்ணி ஓட்டுறவங்க என் ஓபியிலயே இருக்காங்க. நல்லா வாழ்ற அந்த இடைவெளிய நீட்டிக் குடுக்கத்தான் முதல் வைத்தியத்த முழுசா முடிங்கன்னு இவ்வளவு மன்றாடுறேன். இந்த நோய்க்குக் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கிறது வழக்கமா கிடையாது, பக்கத்து பெட்டுக்குக் குடுக்கிறாங்களேன்னு கேக்காதீங்க, அவங்களோடது வேற நோய்.

ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்தா செலவுன்னு தட்டிக் கழிக்காதீங்க. இந்தக் கேன்சர் வந்தவங்கள்ல நூத்துக்குச் சுமார் 15 பேருக்கு பிஆர்சிஏங்கற ஜீன்ல பரம்பரைக் கோளாறு இருக்கு. இருந்தா கீமோவுக்கப்புறம் ஓலாபரிப் மாத்திரை பெரிய வித்தியாசம் பண்ணுது. 2018ல வந்த சோலோ 1 ஆராய்ச்சியில சேந்தவங்கள ஏழு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ, மாத்திரை எடுத்தவங்கள்ல 67 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, எடுக்காதவங்கள்ல 46.5 சதவீதம்தான். அதோட உங்க மகளுக்கும் தங்கச்சிக்கும் அதே ஜீன் கோளாறு இருக்கான்னு பாத்துடலாம். பிஆர்சிஏ 1 ஜீன்ல கோளாறு இருக்கிற பொண்ணுக்கு ஆயுசுல ஓவரி கேன்சர் வர நூத்துக்கு நாப்பது வாய்ப்பு, பிள்ளை பெத்து முடிச்சு 35லேர்ந்து 40 வயசுக்குள்ள ஓவரியையும் ட்யூபையும் (கருக்குழாய்) எடுத்துட்டா அதப் பெருமளவு தடுத்துடலாம். சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு ரிப்போர்ட்ட பீரோவுல பூட்டி வைக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அந்தப் பாவத்தப் பண்ணாதீங்க.

பதினஞ்சு இருவது வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றது பெரும்பாலும் ஜெர்ம் செல் கட்டி, அதாவது கருமுட்டை உண்டாகிற செல்லுலேர்ந்து வர்ற கட்டி, அது கதையே வேற. பிஇபின்னு ஒரு கீமோ இருக்கு, கொஞ்சம் பரவியிருந்தாக்கூட ரொம்பப் பேருக்கு முழுசா குணமாயிடுது. கட்டி இருக்கிற ஓவரிய மட்டும் எடுத்தாப் போதும், கர்ப்பப்பையையும் இன்னொரு ஓவரியையும் அப்படியே விட்டுடலாம், பின்னாடி குழந்தை பெத்துக்கிட்டவங்க எத்தனையோ பேர். சின்னப் பொண்ணுக்கு எல்லாத்தையும் எடுக்கணும்னு எங்கயாச்சும் சொன்னா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேன்சர் டாக்டரப் பாத்துடுங்க.

அப்புறம் மாஸ்டர் செக்கப்புல வருஷா வருஷம் சிஏ 125 பாத்தா தப்பிச்சுடலாம்னு நெனைக்காதீங்க. பிரிட்டன்ல ரெண்டு லட்சம் பெண்கள வச்சுப் பாத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு, அப்படிப் பாத்ததால இறப்பு குறையல. பேப் ஸ்மியர் டெஸ்ட் கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்கானது, ஓவரியப் பத்தி ஒண்ணும் சொல்லாது. "எனக்குத்தான் கர்ப்பப்பையே எடுத்தாச்சே"ன்னு சொல்றவங்க, ஓவரியையும் சேத்து எடுத்தாங்களான்னு பழைய ஃபைல எடுத்துப் பாருங்க.

நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்குப் புதுசா வயித்து உப்புசம், ரெண்டு இட்லியிலயே வயிறு ரொம்பிடுற மாதிரி இருக்கிறது, அடிவயித்து வலி, அடிக்கடி யூரின், இதுல எதுவாச்சும் ரெண்டு மூணு வாரம் விடாம இருந்தா கேஸ் மாத்திரையும் ஓம வாட்டருமா ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க, போய் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுங்க.

வைத்தியத்துல இருக்கிறவங்களுக்கு. ஊசி போட்ட பத்து நாள்ல ரத்த அணு கொறையும், அப்ப 100.4க்கு மேல காய்ச்சல் வந்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பி வந்துடணும், பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு படுக்கக் கூடாது. நாட்டு மருந்து சாப்பிட்டா சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க, நான் திட்ட மாட்டேன், லிவர் டெஸ்ட் ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். முட்டை, மீன், பருப்பு எதையும் பத்தியம்னு நிறுத்தாதீங்க, ஆபரேஷனத் தாங்க உடம்புல சத்து வேணும். காசு இல்லன்னு நிறுத்துறதா இருந்தா முதல்ல எங்ககிட்ட வந்து சொல்லுங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கேன்சர் ஆபரேஷனும் கீமோவும் வருது, கார்டு இல்லன்னா எடுக்க வழி சொல்லுவோம். வீட்டுல விசேஷம், துக்கம், அறுவடை எதுனாலும் தேதிய ஒரு வாரம் தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்க, முடிஞ்சா தள்ளித் தர்றோம். சொல்லாம மட்டும் நின்னுடாதீங்க, நாங்க போன் பண்ணா எடுங்க.