மேசைக்கு ஒரு மைலோ

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மேசை, மேசைக்கு ஐந்து பேர். எல்லாருக்கும் ஒரே பானம்தான், எதுவென்று ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள் என்கிறார் முதலாளி; ஆனால் தலையை எண்ண மாட்டாராம், ஜெயித்த மேசையைத்தான் எண்ணுவாராம்.

மூன்று மேசைகளில் தே தாரிக்குக்கு 3, கோப்பிக்கு 1, மைலோவுக்கு 1. மீதி இரண்டில் கோப்பிக்கு 4, மைலோவுக்கு 1. கூட்டினால் கோப்பி 11 பேர், தே தாரிக் 9 பேர்தான், ஆனாலும் மூன்று மேசை கையில் இருப்பதால் கடை முழுக்க தே தாரிக். மைலோ பாவம், 25-இல் 5 பேர் கேட்டும் ஒரு மேசைகூடத் தேறவில்லை.

நம் மலேசியாவின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் இதே கணக்குதான். 2013-இல் மக்கள் கூட்டணி கிட்டத்தட்ட 51 விழுக்காடு ஓட்டு வாங்கி 89 இடத்தில் நின்றது, தேசிய முன்னணி 47 விழுக்காட்டில் 133 இடம் பிடித்து ஆட்சி அமைத்தது. ஓட்டு எங்கே குவிகிறது, எங்கே சிதறுகிறது என்பதே இந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும், அதுவும் மேசைகள் ஒரே அளவில் இல்லாதபோது. 2022-இல் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரம்கூட இல்லை. 1957 அரசியலமைப்பில், ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காடு வித்தியாசப்படலாம், அதுதான் உச்சவரம்பு. 1962-இல் அதைத் தளர்த்தி, 1973-இல் எடுத்தே விட்டார்கள். ஆறும் காடுமான தொகுதிக்குக் கொஞ்சம் சலுகை நியாயம்தான், ஆனால் பத்து மடங்கா?

மைலோ யாரென்று சொல்லவே வேண்டாம். மலேசிய இந்தியர்களான நாம் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறோம், இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது.

நியூசிலாந்தும் நம்மைப்போல்தான் எண்ணிக்கொண்டிருந்தது. 1978-லும் 1981-லும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்வரிசையில் உட்கார, 1993-இல் பொதுவாக்கெடுப்பு வைத்து, 1996 தேர்தலிலிருந்து முறையை மாற்றினார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதை இரண்டாவது ஓட்டு தீர்மானிக்கும். தொகுதியில் ஜெயித்தது போகக் குறைவதைக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். நம் கடையில் ஐந்து மேசையோடு ஐந்து பட்டியல் இடம் சேர்த்தால் பத்து. கட்சி ஓட்டும் அப்படியே விழுந்தால் தே தாரிக்குக்கு 3 மேசையும் 1 பட்டியலும், கோப்பிக்கு 2-ம் 2-ம், மைலோவுக்குப் பட்டியலில் 2. அப்புறம் யாரும் தனியாக ஆள முடியாது, பேசித்தான் ஆகவேண்டும். கட்சி சில்லுசில்லாக உடையாமலிருக்க 5 விழுக்காட்டு வரம்பு உண்டு, ஒரு தொகுதியாவது ஜெயித்த கட்சிக்கு அந்த வரம்பு கிடையாது.

இங்கே கொண்டுவர அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், 222-இல் 148 பேர் கை தூக்க வேண்டும், எல்லாருமே பழைய கணக்கில் ஜெயித்து வந்தவர்கள்.

இதை ஒரு அங்கிளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்தப் பட்டியல யாரு எழுதுவா? தலைவரோட மச்சான்தானே மொதல்ல வருவான்?" என்றார். நியூசிலாந்தில் வரிசையைக் கட்சிதான் போடுகிறது, அவர் பயம் சும்மா இல்லை. சுவீடனில் பட்டியலில் பிடித்த பெயருக்கு வாக்காளரே குறி போடலாம், போதுமான குறி விழுந்தால் அந்த ஆள் மேலே ஏறிவிடுவார் என்றேன். "அப்படின்னா பேசலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.