சிமெண்ட் பூசிய பிறகு ஓதம் ஏன் உயரே ஏறியது?

கடலோர ஊர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்கள் ஊரில் நூறு வயதைத் தாண்டிய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்றார்கள் சிலர். பேசிப் பேசிக் கடைசியில் படிப்பகமாக மாற்ற முடிவானது. கூரையைச் சரிசெய்தோம். உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியாக சிமெண்ட் பூசி பெயிண்டும் அடித்தோம். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இப்போது தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. உள்ளே இருக்கும் செங்கல்லும் மாவாக உதிர்கிறது. மேஸ்திரி கலவையில் கைவைத்துவிட்டாரா?"

மேஸ்திரியைச் சந்தேகிக்க வேண்டாம். கலவை நன்றாக இருந்ததுதான் இங்கே வினை. மணலை அள்ளிப்போட்டு சிமெண்டைக் குறைத்திருந்தால் சுவருக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தத் துளைகள் வழியே மண்ணின் ஈரம் மேலே ஏறும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்ததுதான். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில், கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 15 மீட்டர்! அப்படியானால் ஒவ்வொரு பழைய வீட்டிலும் ஓதம் மொட்டை மாடி வரை போயிருக்க வேண்டுமே? போவதில்லை. ஏறும் வழியெல்லாம் சுவரின் இரு முகத்திலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து வருவதும் பக்கவாட்டில் போவதும் எந்த உயரத்தில் சமமாகிறதோ, அங்கே ஓதக்கோடு நின்றுவிடும். வாசகரின் கிடங்கில் அந்த இடம் முழங்கால் உயரமாக இருந்தது.

இப்போது அந்த முழங்கால் உயரத்தை சிமெண்டால் மூடியாகிவிட்டது. சுண்ணாம்புப் பூச்சோடு ஒப்பிட்டால் சிமெண்ட் பூச்சு நீராவியை விடும் அளவு பல மடங்கு குறைவு. அதன்மேல் எமல்ஷன் பெயிண்டும் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். கீழே தரையிலிருந்து வரும் வரத்து குறையவில்லை, வெளியேறும் பரப்பு மட்டும் அடைபட்டுவிட்டது. வருவதற்கும் போவதற்கும் மறுபடி சமநிலை வர வேண்டுமானால் நீர் இன்னும் உயரம் ஏறி, புதிய பரப்பைத் தேடியாக வேண்டும். அதுதான் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் மேலே வரை பூசினால் இன்னும் மேலே போகும்.

சரி, ஈரம் ஏறியது புரிகிறது. கெட்டியாகச் சுட்ட செங்கல் ஏன் மாவாக உதிர வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மண்ணிலிருந்து ஏறும் நீர் தனியாக வருவதில்லை, உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிவிடும். ஆவியாதல் சுவரின் மேற்பரப்பில் நடந்தால் உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கம், விளக்குமாற்றால் தட்டிவிட்டால் தீர்ந்தது. மேற்பரப்பு அடைபட்டிருந்தால் ஆவியாதல் உள்ளே, பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் துளைகளுக்குள் நடக்கும். அங்கே வளரும் படிகத்துக்கு இடம் போதாது. அது துளையின் சுவரை நெட்டித் தள்ளும். அந்த அழுத்தம் செங்கல் தாங்கக்கூடிய இழுவிசையை எளிதாகத் தாண்டிவிடும்.

ஒரே ஒரு தடவை என்றால்கூடப் பரவாயில்லை. கடலோர ஊர்களில் இது தினசரி நடக்கிறது. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். அதற்குக் கீழே வந்தால் மறுபடி படிகமாகும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் பல நாட்களில் இரவில் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மேலே இருக்கும், பகலில் கீழே இறங்கும். மழையே பெய்யாவிட்டாலும் சுவருக்குள் உப்பு இரவில் கரைந்து பகலில் உறைந்துகொண்டிருக்கிறது.

சோடியம் குளோரைடே இப்படியென்றால் சோடியம் சல்பேட் இன்னும் பொல்லாதது. அதற்கு முக்கியமாக இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று நீரில்லாத தெனார்டைட். மற்றது, ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைக் கூடவே பிடித்துவைத்திருக்கும் மிராபிலைட். இதன் பருமன் முன்னதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஈரம் போதுமான அளவு இருக்கும்போது இவ்விரண்டில் எது நிலைத்திருக்கும் என்பதை முடிவு செய்யும் வெப்பநிலை 32.4 டிகிரி. நம் ஊர்ச் சுவர் ஒன்று வெயிலில் அந்த எல்லையைத் தாண்டி, விடிவதற்குள் கீழே வராத நாள் எத்தனை இருக்கும்!

இதில் நுட்பமான ஒரு சங்கதி உண்டு. தெனார்டைட் அப்படியே நீரைக் குடித்து ஊதிப்போவதால்தான் செங்கல் உடைகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நடப்பது அதைவிடச் சுவையானது. 32.4 டிகிரியில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 50 கிராம் சோடியம் சல்பேட்டைக் கரைத்துவைத்திருக்கும். 25 டிகிரியில், மிராபிலைட் கணக்கில், அதில் 28 கிராம்தான் தங்கலாம். காய்ந்த சுவருக்குள் தெனார்டைட் உட்கார்ந்திருக்கிறது, குளிர்ந்த மழைநீர் உள்ளே வருகிறது என்று வையுங்கள். தெனார்டைட் விறுவிறுவென்று கரையும். கரைந்த கரைசலில், மிராபிலைட்டைப் பொறுத்தவரை, தாங்கக்கூடியதைவிட மிக அதிகமான உப்பு இருக்கும். அந்த உபரி முழுவதும் ஒரேயடியாகப் பெருத்த படிகங்களாக வெடித்து வளரும். அழுத்தம் பிறப்பது அப்போதுதான். கல்லை உடைக்க சோடியம் சல்பேட்டுக்கு இருக்கும் இந்தத் திறமை பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். கான்கிரீட்டுக்கான ஜல்லி காலத்தைத் தாங்குமா என்று பார்க்க, அதை சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, மறுபடி ஊறவைத்து உலர்த்தி, எவ்வளவு உடைந்தது என்று எடைபோடும் சோதனை இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. நாம் சிமெண்ட் பூசும்போது அதே சோதனையைச் சுவருக்கு நடத்துகிறோம். போதாததற்கு, சல்பேட்டின் ஒரு பகுதி சிமெண்டிலிருந்தே வருகிறது!

சுண்ணாம்பு என்ன செய்கிறது? சுண்ணாம்புப் பாறையை 900 டிகிரியில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிவிடுகிறது. இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு சமாச்சாரம். நமக்கு முக்கியம் வேறு: சுண்ணாம்புப் பூச்சு செங்கல்லைவிட மென்மையானது, நீராவியைத் தடுக்காதது. ஆகவே நீர் அதன் வழியே வெளியேறுகிறது, உப்பும் பூச்சிலேயே தங்குகிறது. சில வருடங்களில் பூச்சு உதிரும். உதிரட்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. செங்கல் வாங்க வேண்டிய அடியைப் பூச்சு வாங்கிக்கொள்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் முன்னோர் அந்தச் செலவை வருடாந்திரக் கணக்கிலேயே வைத்திருந்தார்கள்.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. பழைய சாந்தில் மயிரிழை வெடிப்பு வந்தால், மழைநீர் உள்ளிருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து வெடிப்புக்குள் கொண்டுவந்து படியவைக்கும். வெடிப்பு தானே அடைபட்டுவிடும். சிமெண்டிலும் இது ஓரளவு நடக்கும். ஆனால் சிமெண்ட் விறைப்பானது, பழைய சுவரோ பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் அசைந்துகொடுப்பது. அந்த அசைவுக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

பழைய கட்டடத்தைத் திரும்பப் பயன்படுத்துவது வெறும் பழம்பெருமை இல்லை என்பதற்குக் கண்முன்னே உதாரணங்கள் இருக்கின்றன. சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் அரண்மனையான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. கடற்கரைக்கு எதிரே, இதுவரை சொன்ன உப்புக் காற்றுக்கு நடுவே நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். இடித்துத் தள்ளாமல் சீரமைத்தார்கள். இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. கொழும்பு கோட்டைப் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு மருத்துவமனையை 2011-ல் கடைகளும் உணவகங்களுமாக மாற்றினார்கள். வணிகமும் நடக்கிறது, தடித்த சுவரும் முற்றமும் அப்படியே நிற்கின்றன. எதிர் உதாரணமும் வேண்டுமென்றால் புதுச்சேரி கடற்கரைச் சாலையின் மேரி, அதாவது பிரெஞ்சுக் காலத்து நகர்மன்றக் கட்டடம். சீரமைப்பு தள்ளிக்கொண்டே போக, 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். காப்பாற்றுவதற்கு யோசித்தவர்கள் திரும்பக் கட்டப் பணம் கண்டுபிடித்தார்கள்.

கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மனை விலையும் தளப் பரப்புக் குறியீடும் (ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு தளம் கட்டலாம் என்ற வரம்பு) சேர்ந்து, ஒரு மாடிக் கட்டடத்தை இடித்து நான்கு மாடி எழுப்பச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் வராதவை இரண்டு. ஒன்று கரி: உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. நின்றுகொண்டிருக்கும் சுவருக்கு அது தேவையே இல்லை. இரண்டாவது கூலி. புதுக் கட்டுமானத்தில் பணத்தின் பெரும்பகுதி கம்பி, சிமெண்ட் போன்ற பொருட்களுக்கே போய்விடும். சீரமைப்பில் கொத்தனார், சித்தாள், தச்சர் கைக்குப் போவது அதிகம், அதுவும் உள்ளூரிலேயே தங்கும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் நாட்டில் நிற்கும் சுண்ணாம்புக் கட்டடங்களின் எண்ணிக்கைக்கு இப்படி ஒன்றிரண்டு இடங்கள் எந்த மூலைக்கு? உயர்வலிமைக் கான்கிரீட் ஆராய்ச்சிக்குப் பின்னால் கம்பெனிகள் நிற்கும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சாந்தைச் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும். இன்னொரு பக்கம், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் பாவம் என்று விட்டுவைக்கிறார்கள். பறவை எச்சத்தில் வந்த விதை அது. வேர் விரலளவு தடித்த பிறகு சுவரைப் பிளக்காமல் அதை எடுக்கவே முடியாது. பக்தி இருந்தால் இரண்டு இலை விடும்போதே எடுத்து ஏரிக்கரையில் நட்டுவிடலாம்.

வாசகருக்கு: சிமெண்ட் பூச்சை, ஓதக்கோட்டுக்கு மேலேயும் இரண்டடி சேர்த்து, கொத்தி எடுத்துவிடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் திறந்தே இருக்கட்டும். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அதன்பிறகு சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளை. வால் புட்டியும் எமல்ஷன் பெயிண்டும் வேண்டாம். புத்தக அலமாரிகளைச் சுவரில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே போய் ஒன்றைப் பாருங்கள்: சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, தெரு கிடங்கின் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? உயர்ந்திருந்தால் முதல் செலவு பூச்சுக்கு அல்ல. சுவரை ஒட்டிய மண்ணை இறக்கி, மழைநீர் ஓட ஒரு வடிகால் வெட்டுங்கள்.