பீட்டிலில் ஆயில் ஒழுகுகிறதா? பேக்கிங்கைக் கழற்றும் முன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி, போன ஆடி மாதம் தன் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். இறங்கியவர் கதவைக்கூடச் சாத்தவில்லை. "அண்ணா, மூணு இடத்துல காட்டியாச்சுங்க. போற பக்கமெல்லாம் பேக்கிங் மாத்துறாங்க. கோயமுத்தூர் வந்துட்டுத் திரும்பறதுக்குள்ள அரை லிட்டர் ஆயில் காணாமப் போயிருதுங்க" என்றார். பின் சீட்டில் ஆயில் கேன் ஒன்று சாய்ந்து கிடந்தது.

எங்கே ஒழுகுகிறது என்று நான் கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த இன்ஜினில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். மாற்றிக் கட்டிய ஏர் கூல்டு இன்ஜினுக்கு, அதாவது தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் இன்ஜினுக்கு, அதுதான் முதல் கேள்வி. சொட்டுகிற இடத்தைக் குனிந்து பார்ப்பதெல்லாம் அப்புறம்.

அவர் சொன்ன பட்டியல் நீளம். 1600 இன்ஜின், அதாவது 85.5 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 69 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) சேர்ந்து நான்கு சிலிண்டருக்கும் 1584 சிசி. அதில் 90.5 மி.மீ. பிஸ்டன், சிலிண்டர் போட்டு 1776 சிசி ஆக்கியிருக்கிறார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. ஆயில் பம்பும் பெரிசு. லேத் வேலையெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. கோயமுத்தூரில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத்துக்கு என்ன குறைச்சல்! ஆனால் பழைய ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் தலையில் ஆளுக்கொரு சின்ன பில்டரை மாட்டியபோது ஒன்றை மறந்துவிட்டார்கள். ஆயில் ஊற்றும் கழுத்திலிருந்து பழைய பில்டருக்குப் போகும் ரப்பர் குழாய், புது பில்டரில் சொருக இடமில்லாமல் தொங்கியிருக்கிறது. யாரோ ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

அந்தக் குழாய்தான் இன்ஜினின் மூக்கு. எவ்வளவு நல்ல பிஸ்டன் ரிங் போட்டாலும் எரிந்த காற்று கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். போர் பெரிதானால், ரிங் இன்னும் படியாமல் இருந்தால், கூடுதலாக இறங்கும். அது வெளியே போகிற வழியை அடைத்துவிட்டால் இன்ஜினின் கூடான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம். மூன்று பட்டறைக்காரர்களும் மூன்று இடத்தில் பேக்கிங் மாற்றியதில் பொய் இல்லை. மூன்று இடத்திலும் ஒழுகத்தான் செய்திருக்கும்.

எனக்குச் சந்தேகம் தட்டியது கிராங்க் புல்லியைப் பார்த்தபோது. இந்த இன்ஜினில் புல்லிக்குப் பின்னால் ஆயில் சீல் கிடையாது. புல்லியின் கழுத்தில் திருகு மாதிரி ஒரு மரை வெட்டியிருக்கும். சுற்றும்போது ஆயிலைத் திருப்பி உள்ளேயே தள்ளும். அவ்வளவுதான் தடுப்பு. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த மரையால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் வண்டியில் புல்லியைச் சுற்றி ஈரம், இன்ஜின் மூடியின் உள்பக்கம் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. (பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். இது தெரியாமல் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தேடிய பையன்கள் என் பட்டறையிலேயே இருந்திருக்கிறார்கள்.)

அளந்து பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போதும். பாதியளவு தண்ணீர் விட்டு யு வடிவில் தொங்கவிட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டினேன். ஐடிலில் விட்டதும் ஒரு பக்கத் தண்ணீர் சாண் உயரம் ஏறியது. லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் பீய்ச்சி அந்தத் தம்பியின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. போல்ட்டைப் பிடுங்கினேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றது. மூச்சுக்குழாய் திறந்த பிறகும் தண்ணீர் ஏறியே நின்றிருந்தால் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தேன், பக்கத்துப் பக்கத்தில் நின்றது. ரிங் நல்லதுதான்.

மூச்சுக்குழாயை ஒரு சின்ன டப்பாவுக்குக் கொண்டுபோய், அதற்கு மேல் பில்டர் வைத்தோம். இன்ஜினை டீசலில் கழுவி, கம்ப்ரஸர் காற்றில் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரை இடுக்கெல்லாம் ஊதிவிட்டேன். கழுவாமல் ஆயில் லீக் தேடுவது சேற்றில் கால்தடம் தேடுவது மாதிரி. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் புல்லி காய்ந்து கிடக்கிறது, வால்வுப் பக்கத்தை மூடும் டேப்பெட் கவர் இரண்டும் காய்ந்து கிடக்கின்றன. ஆனால் இடது பக்கம் புஷ்ராட் டியூப் (வால்வைத் தள்ளும் கம்பி போகும் குழாய்) மட்டும் ஈரம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த டியூப்களின் சீல் இறுகிப்போய் ஒழுகுவது சகஜம் என்பதால், ஈரத்தைப் பார்த்ததும் டியூப்பை மாற்றிவிடுவார்கள். இவருக்கும் மாற்றியிருந்தார்கள். பழைய டியூப்பை எடுக்க ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்பதால், இழுத்து நீட்டுகிற வகை டியூப் போட்டிருந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பவுடரில் ஆயில் போட்ட கோட்டைக் கீழிருந்து மேலே தொடர்ந்தேன். டியூப்பைத் தாண்டி, மூன்றாம் சிலிண்டரின் துடுப்புகளைத் தாண்டி, மின்விசிறித் தகரத்துக்குள் போய் மறைந்தது. உள்ளே இருப்பது ஆயில் கூலர். மேலே கசியும் ஆயிலைக் காற்றாடி கீழே விரட்டுகிறது, அது கடைசியாக வந்து தொங்குகிற இடம்தான் டியூப். தகரத்தைக் கழற்றினால் கூலரின் அடியில் தப்பான சீல். பழைய கேஸில் ஆயில் வழி 8 மி.மீ., பின்னால் வந்தவற்றில் 10 மி.மீ. இரண்டையும் கலந்து கட்டினால் அதற்கென்று தனி சீல் உண்டு. இங்கே கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். போதாததற்குப் பெரிய பம்பு; கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில்; காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததுமே முறுக்கினால் முழு அழுத்தமும் அந்தச் சின்ன ரப்பர் தலையில் விழும்.

கீழே ஆயில் தங்கும் சேம்பரின் தட்டைத் திறந்தபோது வேறொன்று கிடைத்தது. சல்லடை வலையில் சிவப்பாக, மண்புழு மாதிரி, சிலிக்கான் பேஸ்ட் துண்டுகள். இந்த இன்ஜினுக்குக் கம்பெனி ஆயில் பில்டர் தரவில்லை. அந்த வலை ஒன்றுதான் காவல். அது அடைத்தால் பம்புக்கு ஆயில் குறையும், பேரிங் போகும். வெளியே பிதுங்கிய பேஸ்ட்டைப் பார்த்து வேலை பலம் என்று மெச்சுகிறவர்கள், உள்ளே அதே அளவு பிதுங்கியிருக்கும் என்பதை நினைப்பதில்லை. டேப்பெட் கவருக்குக் கார்க் பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டினால் போதும். சேம்பர் தட்டின் ஆறு சின்ன நட்டுக்கு 7 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கு. அதற்கு மேல் கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கேஸுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் சொட்டினால், விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். இன்ஜினை இறக்க அவசரப்பட வேண்டாம். இன்ஜின் ஆயில்தான் என்றால், புது ஆயில் சீல் போடும் முன் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை அளந்தாக வேண்டும். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை சரி. அதைத் தாண்டி ஆடுகிற கிராங்க்கில் எந்த சீலும் நிற்காது. அப்புறம் டிப்ஸ்டிக்கையும் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்து, அளவும் கூடியிருந்தால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம். ஆயில் தண்ணியாகி எல்லாப் பக்கமும் ஒழுகும். மற்ற கார்ப் பழக்கத்தில் மூன்றரை லிட்டர் ஊற்றிவிட்டு ஒழுகுகிறது என்று வருகிறவர்களும் உண்டு. இதற்கு 2.5 லிட்டர்தான்.

வண்டியை எடுக்க வந்த அன்று தம்பி சாதாரணமாக ஒன்று சொன்னார். "வீட்டுல தரை பாழாகக்கூடாதுன்னு வண்டிக்கடியில தேங்கா மஞ்சி பரப்பி வெச்சிருக்கேனுங்க. நல்லா உறிஞ்சிக்குது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயில் குடித்த காய்ந்த மஞ்சி. அதற்கு நேர் மேலே, வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி வந்த சூட்டோடு சைலன்சர். பக்கத்தில் பத்து வருஷப் பழைய பெட்ரோல் டியூப். இந்தக் கேஸ் மெக்னீசியம் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இன்னும் சீறும். காய்ந்த மணல்தான் போட வேண்டும், அதுவும் தள்ளி நின்று. பெட்ரோலோ ஆயிலோ லேசாகப் பற்றும்போதே அணைக்கப் பவுடர் சிலிண்டர் ஒன்றை டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் மாட்டச் சொன்னேன். மாட்டும் வரை சாவியைக் கொடுக்கவில்லை.

கார்த்திகையில் சர்வீஸுக்கு வந்தார். மஞ்சியை எடுத்துவிட்டு அட்டை விரித்திருந்தாராம். அந்த அட்டையையே மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஒரே ஒரு கறை.

"மறுபடியும் ஆரம்பிச்சிருச்சுங்களாண்ணா?"

"நீங்களே மோந்து பாருங்க தம்பி."

முகத்தைச் சுளித்தார். கந்தகம். கியர் பாக்ஸ் பக்கம் ஜாக்கி போட்டோம்.