கண்ணை மூடாதீர்கள்: நெருக்கடியில் மைண்ட்ஃபுல்னெஸ்

2018 ஜூன் 23 அன்று வடக்குத் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். பிரிட்டனைச் சேர்ந்த முக்குளிப்பு வீரர்கள் இருவர் ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்தபோது, ஒன்பது நாள் பட்டினி கிடந்த பிள்ளைகள் இருட்டில் ஒரு மேட்டின் மேல் அமைதியாக இருந்தார்கள். பயிற்சியாளர் ஏக்கபோலுக்கு வயது 25. பல ஆண்டுகள் பௌத்த மடத்தில் வளர்ந்தவர். குகைக்குள் பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

உயிருக்கே ஆபத்தான நிலையில் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதில் கவனத்தை நிறுத்தும் பயிற்சி, எடுபடுமா என்று கேட்டால் பலரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். ஜூலை 8 முதல் 10 வரை பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தபோது அவர்கள் விழித்திருக்கவில்லை. ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொருவருக்கும் கெட்டமின் ஊசி போட்டு, நினைவிழந்த நிலையில்தான் அனுப்பினார். கலங்கல் நீரில் ஒரு பிள்ளை பதறி முகமூடியைப் பிடுங்கினால் அவன் உயிரும் போகும், கூட்டிவருபவர் உயிரும் போகும். ‘தியானம் பழகிய பிள்ளைகள்தானே, சமாளித்துக்கொள்வார்கள்’ என்று மருத்துவர்கள் நம்பி விட்டுவிடவில்லை. அது சரியான முடிவு.

அப்படியானால் தியானம் எதற்கு உதவியது? காத்திருப்பதற்கு. குகைக் காற்றில் ஆக்சிஜன் 15 சதவீதம் வரை இறங்கியது. வழக்கமாக 21 இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போதும். எழுந்து நடந்தாலே அது மூன்று நான்கு மடங்காகிவிடும். பதறி ஓடாமல் இருப்பதே அங்கே ஒரு சேமிப்பு. கூடவே, டார்ச்சுகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள், வெள்ளத்து நீரைத் தொடாமல் பாறையில் சொட்டும் நீரைக் குடித்தார்கள், முறைவைத்துச் சுவரைத் தோண்டியும் பார்த்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, செய்ய ஒன்றுமில்லாத மணிநேரங்களில்தான் தியானம். இந்த வரிசையை மாற்றவே கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் முதலில் அலாரம் பட்டன், பிறகுதான் மூச்சு. நெஞ்சுவலியும் வியர்வையும் இருந்தால் மூச்சுப் பயிற்சியே வேண்டாம், உடனே 108.

வகுப்பில் சொல்லித்தருவது போல ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்பது நெருக்கடியில் பெரும்பாலும் எதிராகத்தான் வேலை செய்யும். கண்ணை மூடியதும் பார்க்கக்கூடாத காட்சிதான் முன்னால் வந்து நிற்கும். உள்ளே கவனித்தால் இதயத் துடிப்பு இன்னும் பலமாகக் கேட்கும், அதைக் கேட்டுப் பயம் கூடும், பயத்தால் துடிப்பு இன்னும் ஏறும். அடுத்த தவறு, ‘நல்லா இழுத்து மூச்சு விடுங்க’. ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குபவர் இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். தலை சுற்றும், விரல்நுனி ஊசி குத்துவதுபோல மரத்துப்போகும், உதடு மதமதக்கும். ‘எனக்கு என்னமோ ஆகுது’ என்று அவர் அலறுவது நடிப்பல்ல.

அதனால் கவனம் உள்ளே போகக் கூடாது, வெளியே வர வேண்டும். ஐ.சி.யு. வாசலில் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண் திறந்தே இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்தி ஐந்து எண்ண வேண்டும், பிறகு தளர்த்த வேண்டும். இப்படி மூன்று முறை. டைல்ஸின் குளிர்ச்சி உள்ளங்காலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கலாம். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருள்களை நிறத்தோடு, முணுமுணுத்தாலும் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: நீல நாற்காலி, பச்சைத் திரை, சிவப்பு வாளி. மூச்சுக்கு வருவது கடைசியில். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஆறு சுற்று. மொத்தம் ஒரு நிமிடம். நான்கு-ஆறு மூச்சு முட்டினால் மூன்று-நான்கு போதும். வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டாமல், தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்யலாம்.

பயம் போய்விடும் என்று எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம்தான். பயம் இருக்கும், டாக்டர் சொல்வது காதில் விழும், கையெழுத்துப் போடும் இடம் தெரியும். அந்த அளவுக்கு வந்தாலே பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடும் இதையேதான் சொல்கிறது: மனதில் புயல் அடிக்கிறது என்று கவனி, பாதத்தை ஊன்று, சுற்றியுள்ளதோடு சேர்ந்துகொள். அதன் மூலப் பயிற்சியை உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டுக் குழுவாகச் செய்த ஐந்து அமர்வுகள்தான். மூன்று மாதம் கழித்தும் மன உளைச்சல் குறைந்திருந்தது.

சிலருக்கு இதுவும் ஒத்துவராது. பயிற்சியின்போது பார்வை வெறித்துப்போனால், பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், உடம்பு தன்னுடையதே இல்லை என்று சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். எழுப்பி நடக்க வையுங்கள், முகத்தில் தண்ணீர் தெளியுங்கள், இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேளுங்கள். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட தியானத்தில் இறங்கக் கூடாது. வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ‘ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்’ என்று சொல்வது அநியாயம். அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். தூக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதத்தைத் தாண்டினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

பக்கத்தில் துணைக்கு இருப்பவர் பயிற்சி நடத்த வேண்டியதில்லை. ‘அழாதீங்க, மூச்சைக் கவனிங்க’ என்பதைவிட, சூடான டீ டம்ளரைக் கையில் கொடுத்து, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”