96-ஆ, 100-ஆ? புரொஜெக்டரின் முனகலுக்கு ஒரு வைத்தியம்

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பல வருஷமாக மூடிக் கிடக்கும் குடும்பத்துத் தியேட்டரில் 35 எம்.எம். புரொஜெக்டரைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கையிலிருந்த பழைய ரீல் ஒன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். படம் பளிச்சென்று விழுகிறது. வசனமும் கேட்கிறது, ஆனால் அதற்கு அடியில் விடாமல் ஓர் 'உம்ம்ம்'. வந்து பார்த்த மெக்கானிக் ஆம்ப்ளிஃபயரையே மாற்றச் சொல்கிறார். உறவினர் ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிமில் படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுவது ஒலித்தடம். படம் நின்று நின்று நகரும். ஒலி நிற்காமல் ஓடியாக வேண்டும். அதனால் ஒலியை சுமார் 20 பிரேம் முன்னதாகப் பதிந்து, படத்தின் மேல் வெளிச்சம் விழும் 'கேட்' என்ற இடத்துக்குக் கீழே, சவுண்ட் ஹெட் என்ற பகுதியில் தனியாகப் படிக்கிறார்கள். அங்கே எக்சைட்டர் லாம்ப் என்ற சின்ன பல்பின் வெளிச்சம், மயிரிழையை விட மெல்லிய கோடாகக் குவிந்து தடத்தின் மேல் விழும். தடத்தின் வடிவம் மாற மாற ஊடுருவும் ஒளி கூடும், குறையும். பின்னால் இருக்கும் ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்கும். மிச்சம் ஆம்ப்ளிஃபயர் வேலை.

இந்தக் கலத்துக்கு எது வசனம், எது இரைச்சல் என்று தெரியாது. வெளிச்சம் எதனால் துடித்தாலும் அதை ஒலியாக்கி அனுப்பிவிடும்.

முதலில் ஃபிலிம் போடாமல் எக்சைட்டர் லாம்பை மட்டும் எரியவிடுங்கள். ஒளிப்பாதையில் கார்டை வைத்து வைத்து எடுங்கள். ஸ்பீக்கரில் 'டொப், டொப்' என்று கேட்டால் கலமும் ஆம்ப்ளிஃபயரும் உயிரோடு இருக்கின்றன. அப்போதே முனகல் கேட்கிறது என்றால், கார்டை அங்கேயே நிறுத்திப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் அது லாம்பின் வெளிச்சத்தோடு வருவது. நிற்காவிட்டால் ஒயர், எர்த், ஆம்ப்ளிஃபயர். மெக்கானிக் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். ஃபிலிம் இல்லாதபோது முனகலே இல்லையென்றால், குற்றவாளி ஃபிலிம் ஓடும் பாதையில் இருக்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒளி வழியாக வரும் முனகல் பெரும்பாலும் இரண்டு வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

முதல் எண் 100. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் மின்னோட்டம் இரண்டு முறை உச்சம் தொடுவதால், இந்த ஏசி மின்சாரத்தில் (திசை மாறி மாறி ஓடுவது) எரியும் பல்ப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கலத்துக்குத் தெரியும். இதற்காகத்தான் எக்சைட்டர் லாம்புக்கு ஒரே திசையில் சீராக ஓடும் டிசி கொடுப்பது. பூட்டிக் கிடந்த மெஷினில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரின் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தால், அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய ஆளில்லை.

இரண்டாவது எண் 96. பிரேமுக்கு ஒரு பக்கம் 4 துளை, நொடிக்கு 24 பிரேம், பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபிலிம் கொஞ்சம் பக்கவாட்டில் விலகினாலும் ஒளிக்கோடு துளைகளின் ஓரத்தைத் தொட்டுவிடும். ஒவ்வொரு துளையும் ஒரு மின்னல். எதிர்ப்பக்கம் விலகினால் படங்களுக்கு இடையிலான கோடுகள் மாட்டிக்கொண்டு, நொடிக்கு 24 தட்டாக மோட்டார் படகு போலக் கேட்கும்.

96-க்கும் 100-க்கும் உள்ள தூரம், ச-வுக்கும் சுத்த ரி-க்கும் உள்ளதைவிடக் குறைவு. காதால் பிரிப்பது கஷ்டம். இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தால் மட்டும் வேடிக்கை: சுருதி சேராத இரு தம்புராத் தந்திகள் போல, முனகல் நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். அந்த நான்கு வர மோட்டார் சரியான வேகத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சங்கீத ஞானம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பெரிய விளக்கின் மறைப்பை மூடிவிட்டு (இல்லாவிட்டால் கேட்டில் நின்ற ஃபிலிம் கருகும்) மோட்டாரை நிறுத்துங்கள். 96 என்றால் மோட்டாரோடு சேர்ந்து சுருதி இறங்கி அடங்கும். 100 அசையாமல் நிற்கும்.

96-க்கு மருந்து, சவுண்ட் ஹெட்டில் உள்ள பக்கவாட்டு கைடு ரோலரைத் திருகிச் சரிசெய்வது. இதற்கென்றே 'பஸ் டிராக்' என்ற சோதனை ஃபிலிம் உண்டு. தடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் பதியாமல், அதன் ஒரு விளிம்பில் 300 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 300 அதிர்வு), மறு விளிம்பில் 1000 ஹெர்ட்ஸ் பதிந்திருப்பார்கள். தடித்த குரல் கேட்டால் ஒரு பக்கம் விலகல், கீச்சுக் குரல் கேட்டால் மறு பக்கம். எதுவுமே கேட்காதபோது ரோலர் சரியான இடத்தில் இருக்கிறது. சத்தம் நிற்கும்வரை திருக வேண்டிய சவுண்ட் டெஸ்ட்! இதை யோசித்தவருக்கு யாராவது சிலை வைக்கலாம்.

மற்ற கோளாறுகளை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பாட்டு நெளிந்தால், ஃபிலிமைச் சீராக ஓடவைக்கும் சவுண்ட் டிரம்மின் கனத்த சக்கரத்தில் (ஃப்ளைவீல்) உள்ள பேரிங்கைப் பாருங்கள். குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தால் ஒளிக்கோட்டின் ஃபோகஸைப் பாருங்கள்: ஃபிலிம் நொடிக்கு 456 மில்லிமீட்டர் ஓடுகிறது, 9000 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 0.05 மில்லிமீட்டர்தான் இடம், கோடு தடித்தால் 'ஸ', 'ஷ' எல்லாம் அழிந்துவிடும். தாராளமாக எண்ணெய் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைக் குவிக்கும் லென்ஸில் ஒரு துளி ஏறியிருந்தாலும் இதே கதிதான்.

ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பது எனக்கும் பிடிக்கும், எலுமிச்சம்பழத்தோடும் சண்டையில்லை. பழைய படங்களை டிஜிட்டலாக்கப் பணம் ஒதுக்குகிறவர்களோடு கொஞ்சம் சண்டை உண்டு. ஸ்கேனர் வாங்கக் காசு கிடைக்கிறது. ஒலித்தடத்தைக் காதால் படிக்கத் தெரிந்த முன்னாள் ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

எக்சைட்டர் லாம்புக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம். நல்ல டிசி கொடுத்தால் 100 ஒழியும். பிற்காலத்தில் வந்த, வெள்ளி உலோகம் இல்லாமல் நீலப்பச்சைச் சாயத்தால் மட்டும் ஆன ஒலித்தடங்களுக்கு அதுதான் தேவையும்கூட: பழைய பல்பு அதிகம் உமிழும் அகச்சிவப்புக்கு அந்தச் சாயம் கண்ணாடி மாதிரி, சிவப்பை மட்டும் மறிக்கும். ஆனால் உங்களுடையது 96 என்றால் எல்.இ.டி.யால் பயனில்லை, கைடு ரோலரைத்தான் திருக வேண்டும்.